வாயும் சத்தமும் சேர்ந்து வர: வயர்லெஸ் சவுண்ட்பாருடன் எட்டு மாதம்

செய்தி வாசிக்கும் பெண் வாயை மூடிவிட்டார். அதற்குப் பிறகுதான் "வணக்கம்" எங்கள் ஹாலுக்கு வந்து சேர்ந்தது. புது சவுண்ட்பார் வீட்டுக்கு வந்த முதல் நாள் ராத்திரி இதைக் கண்டுபிடித்தது அப்பா. "வாய் முன்னாடி போகுது, சத்தம் பின்னாடி வருதும்மா" என்றார். உற்றுப் பார்த்தேன், உண்மைதான். அம்மாவுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

அப்பாவுக்கு மட்டும் உடனே தெரிந்ததற்கு இரண்டு காரணம். அவருக்கு வயது 74. இடது காது முக்கால்வாசி போய்விட்டது, வலது காதில் மெஷின். பேசுகிறவரின் வாயைப் பார்த்துத்தான் பாதிச் சொற்களைப் பிடிக்கிறார். "மரமா, கரமா" என்று காது தடுமாறும் இடத்தில் உதடு ஒட்டியதா இல்லையா என்பதைக் கண் சொல்லிவிடும். சத்தம் பிந்தி வந்தால் அந்தத் துணை போய்விடுகிறது. அதைவிட மோசம், அடுத்த எழுத்தின் உதடு இந்த எழுத்தின் சத்தத்தோடு சேர்ந்துகொண்டு தப்பாகச் சொல்கிறது. இரண்டாவது காரணம், அவர் மதுரையில் ஒரு தியேட்டர் கேபினில் 31 வருடம் ஆபரேட்டராக இருந்தவர்.

அவர் நன்றாகக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பெட்டியை வாங்கினோம். வாங்கிய மறுவாரம் அவர் டிவி பார்ப்பதையே நிறுத்திவிட்டார். அதனால் இதை விடக்கூடாது என்று உட்கார்ந்தேன். நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள் இல்லை, ஒரு கூட்டுறவு சங்கத்தில் கணக்கு பார்க்கிறேன். எண்ணை எழுதி வைத்துச் சரிபார்க்கும் பழக்கம் மட்டும் உண்டு.

பெட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு முன் டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் 15,990 ரூபாய்க்கு வாங்கியது. டிவிக்குக் கீழே வைக்கும் பார் ஒன்று, கனத்த அடி சத்தத்துக்கான சப்வூஃபர் ஒன்று, முதுகுப் பக்கம் வைக்கும் சின்ன ஸ்பீக்கர் இரண்டு. பாருக்கும் மற்ற மூன்றுக்கும் நடுவில் ஒயர் கிடையாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் கரண்ட் ஒயர் உண்டு. "வயர்லெஸ்" என்ற சொல்லை நம்பி வாங்குகிறவர்கள் பின் சுவரில் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ஒன்றுதான் இருந்தது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டோம். கம்பெனி பெயரை நான் எழுதவில்லை. என் புகாரில் பெரும் பங்கு பெட்டி மீது இல்லை, அதை இணைத்துக் கொடுத்த விதத்தின் மீது.

கடையில் எப்படிக் காட்டினார்கள் என்று நினைத்துப் பார்த்தால் இப்போது புரிகிறது. அந்தப் பையன் தன் போனை புளூடூத்தில் இணைத்து ஒரு பாட்டைப் போட்டான். சப்வூஃபர் நெஞ்சைத் தட்டியது. பாட்டில் யார் வாயைப் பார்க்கப் போகிறோம்? வீட்டுக்கு வந்து மாட்டியவரும் அதே புளூடூத்தில்தான் டிவியோடு இணைத்தார். ரிமோட்டில் இரண்டு பட்டன், ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். டிவியிலும் பாரிலும் எச்.டி.எம்.ஐ ஓட்டை இருக்கிறது, ஒரு ஒயரைச் செருகினால் போதும் என்று அவர் சொல்லவே இல்லை. பெட்டிக்குள்ளும் அந்த ஒயர் இல்லை.

வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு மூன்று முறை பேசினேன். மூன்று முறையும் "ரீசெட் பண்ணுங்க மேடம்" என்றார்கள். செய்தேன், எதுவும் மாறவில்லை. மூன்றாவது முறை, "ரிமோட்ல ஆடியோ டிலேன்னு இருக்கும், அதைக் கூட்டிப் பாருங்க" என்றார் ஒருவர். கூட்டினேன். சத்தம் இன்னும் பிந்தியது.

இந்த இடத்தில்தான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். சவுண்ட்பாரில் இருக்கும் "ஆடியோ டிலே" அல்லது "லிப் சிங்க்" பட்டன் சத்தத்தைப் பிடித்து நிறுத்தி வைக்கத்தான் தெரிந்தது. முன்னால் இழுக்கத் தெரியாது. இன்னும் வந்து சேராத சத்தத்தை எந்தப் பெட்டியும் எடுத்துக் கொடுக்க முடியாது. ஆகவே சத்தம் முந்துகிறதா பிந்துகிறதா என்று தெரியாமல் அந்தப் பட்டனைத் தொடக்கூடாது. முந்தினால் அது மருந்து, பிந்தினால் உபத்திரவம்.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் மாறியது. "லூப் மாதிரியா?" என்றார். ரொம்ப நாளுக்குப் பிறகு கேபின் பேச்சு.

35 எம்.எம். ஃபிலிமில் படத்தின் ஓரத்திலேயே சத்தக் கோடு ஓடும். ஆனால் ஒரு படமும் அதற்குரிய சத்தமும் ஃபிலிமில் பக்கத்துப் பக்கத்தில் இருக்காது. ஏனென்றால் லென்ஸுக்கு முன்னால் ஃபிலிம் செகண்டுக்கு 24 தடவை நின்று நின்று போக வேண்டும். சத்தத்தைப் படிக்கும் இடத்தில் அது நிற்கவே கூடாது, வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஒரே இடத்தில் இரண்டையும் செய்ய முடியாது. அதனால் சத்தம் படிக்கும் டிரம் கீழே தள்ளி இருக்கும், பிரிண்ட்டிலும் சத்தத்தை ஏறக்குறைய 20 ஃப்ரேம், அதாவது 20 படம், முன்னால் தள்ளிப் பதிந்திருப்பார்கள். நடுவில் தொங்கும் ஃபிலிம் வளைவுதான் லூப். "லூப் பெரிசாப் போச்சுன்னா சத்தம் பிந்தும், சின்னதாப் போச்சுன்னா முந்தும். ரெண்டு ஃப்ரேம் பிசகினா முன் பெஞ்சுக்காரனுக்கே தெரியும். பிந்தினாக்கூடப் பொறுத்துக்குவான், முந்தினா விசிலடிச்சிருவான்" என்றார் அப்பா.

அவர் அனுபவத்தில் சொன்னதையே சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் எண்ணில் சொல்லியிருக்கிறது. 1998-இல் வந்த அதன் பரிந்துரைப்படி, சத்தம் 45 மில்லி செகண்ட் முந்தினாலே பார்ப்பவர் கவனித்துவிடுவார், பிந்தினால் 125 மில்லி செகண்ட் வரை கவனிக்கமாட்டார். நியாயம்தான். மின்னல் முந்தி இடி பிந்தித்தான் நமக்குப் பழக்கம். தூரத்தில் வண்ணான் துறையில் துணி அடிப்பதைப் பார்த்தாலும் கை இறங்கிய பிறகுதான் சத்தம் வரும். வாய் திறக்கும் முன் பேச்சு வருவது உலகத்தில் எங்கேயும் கிடையாது.

சரி, எங்கள் வீட்டில் எவ்வளவு பிந்துகிறது? அதை அளக்க நான் செய்தது இது. பூஜை அறையில் இருந்த ஜால்ராவை அம்மா தட்ட, செகண்டுக்கு 60 ஃப்ரேமில் போனில் வீடியோ எடுத்தேன். அதைப் பென் டிரைவில் போட்டு டிவியில் ஓட்டினேன். அப்பா உட்காரும் நாற்காலியில் போனை நிறுத்தி, டிவியை ஸ்லோ மோஷனில், செகண்டுக்கு 240 ஃப்ரேமில், திரும்பப் படம் பிடித்தேன். அப்படி எடுத்தால் ஒரு ஃப்ரேம் சுமார் 4 மில்லி செகண்ட். பிறகு கம்ப்யூட்டரில் எடிட்டிங் சாஃப்ட்வேரில் திறந்து, ஜால்ரா இரண்டும் தொட்ட ஃப்ரேமுக்கும் சத்த அலை எழும்பிய இடத்துக்கும் நடுவில் எத்தனை ஃப்ரேம் என்று எண்ணினேன். பத்துத் தட்டலுக்குச் சராசரி எடுத்தேன். சில போன்களில் ஸ்லோ மோஷனில் சத்தம் பதிவாகாது, முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் அளவை டிவியின் சொந்த ஸ்பீக்கரில் எடுப்பது முக்கியம். அதுதான் படிக்கல். அதிலேயே பிசகு இருந்தால் கோளாறு வீடியோவில், ஸ்பீக்கரில் இல்லை.

டிவியின் சொந்த ஸ்பீக்கரில் சொல்லும்படி பிசகு எதுவும் இல்லை. புளூடூத்தில் 210 மில்லி செகண்ட் பிந்தியது. அப்பா கணக்கில் ஐந்து ஃப்ரேம். "கேபின்ல இப்படி ஓட்டியிருந்தா முதலாளி என்னை அன்னைக்கே அனுப்பியிருப்பாரு" என்றார்.

ஏன் இவ்வளவு? டிவி சத்தத்தைச் சுருக்க வேண்டும், பொட்டலம் கட்டி அனுப்ப வேண்டும், பார் அதை வாங்கி விரிக்க வேண்டும். இதற்கெல்லாம் கொஞ்சம் நேரம்தான். பெரிய பங்கு காத்திருப்பில் போகிறது. புளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் வீட்டு வைஃபையும் ஓடுகிறது, மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் இரைகிறது. பொட்டலம் தொலைந்தால் திரும்பக் கேட்டு வாங்க வேண்டும். பாட்டு நடுவில் அறுந்துவிடக் கூடாது என்று பார் எப்போதும் கொஞ்சம் சத்தத்தைக் கையிருப்பில் வைத்துக்கொண்டே பாடுகிறது. அந்தக் கையிருப்புதான் நம் தாமதம். சாதாரண புளூடூத்தில் 150 முதல் 250 வரை போவது சகஜம். தாமதத்தைச் சுமார் 40-க்குக் குறைக்கும் ஆப்ட்எக்ஸ் லோ லேட்டன்சி என்ற முறையும் உண்டு. ஆனால் அனுப்பும் பக்கம், வாங்கும் பக்கம் இரண்டிலும் அது இருந்தால்தான் பலன். எங்கள் டிவியிலும் இல்லை, பாரிலும் இல்லை.

போனில் யூடியூப் பார்க்கும்போது அதே பாரில் எல்லாம் சரியாக இருந்தது எனக்கு முதலில் பெரிய குழப்பம். போனுக்குத் தாமதம் எவ்வளவு என்று தெரியும், அதற்கேற்ப படத்தை நிறுத்திக் காட்டுகிறது. வீடியோ முழுக்கக் கையில் இருக்கும்போது இது சுலபம். கம்ப்யூட்டரில் வி.எல்.சி. என்ற வீடியோ பிளேயர் வைத்திருப்பவர்களுக்கும் இதே வசதி உண்டு. விண்டோஸில் ஜே, கே என்ற இரண்டு எழுத்தை அமுக்கினால் சத்தம் 50 மில்லி செகண்ட் கணக்கில் முன்னும் பின்னும் நகரும். செட்டாப் பாக்ஸிலிருந்து நேரடியாக வரும் சேனலுக்கு எங்கள் டிவி அப்படிச் செய்யவில்லை. படம் வந்ததும் காட்டிவிடுகிறது.

பெங்களூரில் இருக்கும் தம்பி வீட்டில் ஏர்பிளே ஸ்பீக்கர்கள், ஆப்பிள் கம்பெனியின் முறையில் வைஃபை வழியாகப் பாடுபவை. "அக்கா, வைஃபைன்னா லேட்டே ஆகாது" என்று அவன் சொன்னது சரியில்லை. ஏர்பிளேயில் கையிருப்பு புளூடூத்தை விட அதிகம், செகண்ட் கணக்கில் போகும். அவன் வீட்டில் தெரியாததற்குக் காரணம் அவன் ஆப்பிள் டிவி பெட்டி படத்தையும் சேர்த்துப் பிடித்து வைப்பதுதான். அதில் ஐபோனை டிவி பக்கத்தில் காட்டினால் அந்தப் பெட்டியே ஸ்பீக்கரில் சில ஒலிகளை எழுப்பி, போனின் மைக் வழியாகத் தாமதத்தை அளந்து சரிசெய்துகொள்ளும் வசதியும் இருக்கிறது. நல்ல ஏற்பாடு. எங்கள் கேபிள் பெட்டிக்கு அது ஆகாது.

ஆக, டிவிக்கும் பாருக்கும் நடுவில் ஒயர்தான். 350 ரூபாய்க்கு ஒரு எச்.டி.எம்.ஐ கேபிள் வாங்கினேன். இதில் ஒரு நுணுக்கம். டிவியில் மூன்று எச்.டி.எம்.ஐ ஓட்டை இருந்தாலும் ஏ.ஆர்.சி என்று எழுதியிருக்கும் ஒன்றில் மட்டும்தான் சத்தம் வெளியே வரும். எங்கள் வீட்டில் அந்த ஓட்டையில் செட்டாப் பாக்ஸ் உட்கார்ந்திருந்தது. அதை வேறிடத்துக்கு மாற்றி, பாரை அங்கே செருகினேன். டிவி செட்டிங்கில், எச்.டி.எம்.ஐ-யில் மாட்டிய பெட்டிகள் ஒன்றையொன்று இயக்க உதவும் சி.இ.சி-யை ஆன் செய்து, சவுண்ட் அவுட்புட்டை ஏ.ஆர்.சி-க்கு மாற்றி, டிவியின் சொந்த ஸ்பீக்கரை நிறுத்தினேன். அதை நிறுத்தாவிட்டால் கிணற்றுக்குள் பேசுவது போல எதிரொலி கேட்கும். டிஜிட்டல் அவுட்புட் "ஆட்டோ" என்று இருந்ததை பி.சி.எம்., அதாவது சுருக்காத சத்தம், என்று மாற்றினேன். அப்படிச் செய்தால் டால்பி முறையில் சுருக்கிய சத்தத்தைப் பார் அவிழ்க்கும் வேலை மிச்சம். இதில் ஒரு நஷ்டம் உண்டு. பி.சி.எம்-மில் ஏ.ஆர்.சி வழியாக இடது, வலது என்று இரண்டு சத்தம்தான் போகும், பின் ஸ்பீக்கர்களுக்குத் தனிச் சத்தம் கிடைக்காது, பார் தானாகப் பிரித்துக் கொடுப்பதுதான். செய்தியும் சீரியலும் பார்க்கும் வீட்டுக்கு இது நஷ்டமே இல்லை.

அப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். ஒரு நிமிடம் பார்த்தார். "இப்ப முந்துதும்மா" என்றார்.

எனக்கு அழுகை வராத குறை. ஜால்ராவை எடுத்து அளந்தேன். ஆமாம், 60 மில்லி செகண்ட் முந்தியிருந்தது. ஒயரில் சத்தம் சட்டென்று போய்விடுகிறது, படம்தான் டிவிக்குள் தங்கித் தங்கி வருகிறது. அசைவை வழவழப்பாகக் காட்டுகிறேன் என்று டிவி இரண்டு ஃப்ரேமுக்கு நடுவில் புது ஃப்ரேம் செய்து செருகுகிறது. அதற்கு அடுத்த ஃப்ரேம் வரும்வரை காத்திருக்க வேண்டும் அல்லவா? படம் செட்டிங்கில் அந்த மோஷன் சமாச்சாரத்தை முழுக்க அணைத்தேன். 40-க்கு இறங்கியது. அது ஒன்றியம் சொன்ன 45-க்கு உள்ளே. அம்மாவுக்கும் எனக்கும் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது.

அப்பா தலையை ஆட்டினார். "இன்னும் ஒரு ஃப்ரேம் முந்துது."

24 ஃப்ரேம் கணக்கில் ஒரு ஃப்ரேம் என்பது 41.7 மில்லி செகண்ட். நான் அளந்த எண்ணை அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அந்த மனிதரை எனக்கு 46 வருடமாகத் தெரியும். அவர் என்ன வேலை பார்த்தார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போது அந்த ஆடியோ டிலே பட்டனுக்கு வேலை வந்தது. எங்கள் பாரில் ஒரு அமுக்கலுக்கு 10 மில்லி செகண்ட். நான்கு தடவை அமுக்கினேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, செய்தியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

பின் ஸ்பீக்கர்களும் ஒயரில்லாமல்தானே இருக்கின்றன, அவை பிந்தாதா என்று நானும் பயந்தேன். ஜால்ராவை வைத்துத் தனியாக அளந்தேன், முன்னும் பின்னும் சேர்ந்தே வருகின்றன. பாரும் அந்த ஸ்பீக்கர்களும் ஒரே கம்பெனி, தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தனி இணைப்பு வைத்திருக்கின்றன. எவ்வளவு தாமதம் என்று பாருக்குத் தெரிவதால் முன் சத்தத்தையும் அதோடு ஒட்டிக்கொள்ள முடிகிறது. வேறு வேறு கம்பெனி ஸ்பீக்கரை புளூடூத்தில் கோத்துவிடுவதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வந்த ஒரே தொல்லை நடுநடுவே "டிக் டிக்" என்று அறுந்தது. வைஃபை ரவுட்டர் பாருக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதை ஷோகேஸ் மேல் தூக்கி வைத்த பிறகு நின்றுவிட்டது.

சத்தத்தின் தரம் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், பேச்சு நன்றாக இருக்கிறது. "வாய்ஸ்" மோடில் செய்தி வாசிப்பு அப்பாவுக்கு 18-ஆம் எண்ணிலேயே புரிகிறது. முன்பு டிவி ஸ்பீக்கரில் 40 வைப்பார், பக்கத்து வீட்டுக்காரர்கள் பொறுத்துக்கொண்டார்கள். "மூவி" மோடைப் பேச்சுக்குப் போடாதீர்கள். அது அறையைப் பெரிதாகக் காட்ட எதிரொலி சேர்க்கிறது, காது மந்தமானவர்களுக்கு அது சேறு. சப்வூஃபர் மூலையில் இருந்தபோது மர பீரோ கதவு அதிர்ந்தது. ஓரடி தள்ளி வைத்து, அளவையும் மூன்று குறைத்த பிறகு சரி. பின் ஸ்பீக்கர்களுக்குக் கொடுத்த காசு எங்களுக்கு வீண் என்றுதான் சொல்வேன். பாரும் சப்வூஃபரும் மட்டும் உள்ள சின்ன செட் போதும்.

எல்லாம் சரியான பிறகும் சில நாள் ராத்திரி ஒரு சேனலில் மட்டும் விவாதத்துக்கு வருகிறவர் வாய் பிந்திக்கொண்டே இருக்கும். அவர் வீடியோ காலில் வந்திருப்பார். டிவியின் சொந்த ஸ்பீக்கருக்கு மாற்றிப் பார்த்தேன், அங்கேயும் அப்படியே. "அது கிளம்பின இடத்துலயே பிசகு, நம்ம லூப்பு சரியா இருக்கு, விடு" என்றார் அப்பா.

வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். உங்கள் டிவியில் ஏ.ஆர்.சி என்று எழுதிய ஓட்டை இருந்தால் மட்டும். இல்லையென்றால் பாரிலும் டிவியிலும் ஆப்டிகல் ஓட்டை (ஒளி வழியாகச் சத்தம் அனுப்பும் ஒயருக்கானது) இருக்கிறதா என்று பாருங்கள், அதுவும் நல்ல வழிதான். டிவியோடு இணைக்க புளூடூத் ஒன்றுதான் வழி என்றால் வேண்டாம், பாட்டுக்கு மட்டும் என்றால் சரி. கடையில் பாட்டு போட்டுக் காட்டினால் நிறுத்தச் சொல்லுங்கள். செய்திச் சேனல் போடச் சொல்லி, ப, ம வரும் இடத்தில் உதட்டைப் பாருங்கள். மாட்ட வருகிறவரிடம் கையெழுத்துப் போடும் முன் "எந்த ஒயர்ல இணைச்சீங்க" என்று கேளுங்கள்.

பெட்டியின் மீது எனக்கு மிச்சமிருக்கும் ஒரே மனக்குறை, கரண்ட் போய் வந்தால் அந்த டிலே எண்ணை மறந்துவிடுகிறது. திரும்பப் பூஜ்யத்தில் வந்து நிற்கிறது. எங்கள் பகுதியில் கரண்ட் போகாத வாரம் குறைவு. முதலில் நான்தான் வேலை முடிந்து வந்து ஒவ்வொரு முறையும் வைத்துக்கொடுத்தேன். போன மாதம் ஒரு நாள் வீட்டுக்கு வரும்போது டிவி ஓடிக்கொண்டிருந்தது, மத்தியானம் கரண்ட் போய் வந்ததாக அம்மா சொன்னார். ரிமோட்டை எடுத்துத் திருப்பினேன். பின்னால் பிளாஸ்திரி ஒட்டி, பழைய ரீல் டப்பாக்களில் எழுதுவாரே அதே கையெழுத்தில் அப்பா எழுதியிருந்தார்: "கரண்ட் வந்தால் டிலே பிளஸ் 4 தடவை."